நாற்பத்தெட்டு சதுர மீட்டர்

பன்னிரண்டாவது வீட்டின் கூடத்தில் அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, சுவரோரமாக இஞ்சு டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை மீட்டர் டேப். அது முடிகிற இடத்தில் தரையில் தையல் சாக்பீஸால் சின்னதாக ஒரு கோடு. கோட்டிலிருந்து மறுபடி ஒன்றரை மீட்டர், மறுபடி ஒரு கோடு. பிறகு மிச்சம். வாசலில் நின்ற புரோக்கர் சாவிக்கொத்தை இடது கைக்கும் வலது கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

"மேடம், வீட்டுல குடியிருக்கப் போறீங்களா, இல்ல வீட்டுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

அவள் காதில் வாங்கவில்லை. உதடு மட்டும் முணுமுணுத்தது.

"கூடம் முன்னூத்தித் தொண்ணூறு. பேப்பர்ல நானூறுன்னு போட்டிருக்கீங்க."

"சுவத்துக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்குல்ல மேடம், அதுல கொஞ்சம் போயிருக்கும்."

"பத்து சென்டிமீட்டரு பெயிண்டா? யாரு அடிச்சா, கரண்டியிலயா?"

சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற வீட்டம்மா இதற்குச் சிரிக்கவில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரர், அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் யாரைப் பார்த்தாலும் டிக்கெட்டை எடுங்கள் என்பது போலத்தான் பார்ப்பார்.

அவளுக்கு வேண்டியது நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு சதுர மீட்டர். மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு அதற்குக் குறைந்த வீடு செல்லாது என்று ஊரில் இருப்பவர்களை இந்த வெளிநாட்டுக்கு வரவழைக்க அனுமதி தரும் குடும்ப அனுமதி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகி, வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அவர்கள் மேஜைக்கு வர வேண்டும். வராவிட்டால் இரண்டு வருடமாக நத்தை மாதிரி நகர்ந்து வந்த அவள் கோப்பை மூடிவிடுவார்கள். புதிதாக வரிசையில் நின்றால் இன்னும் ஒரு வருடம். ஊரில் கணவன் இருந்தான். ஒன்றரை வயதில் விட்டுவிட்டு வந்த மகள் இருந்தாள். எல்லாரும் வாண்டு என்று கூப்பிடுகிற அந்த மகளுக்கு இப்போது மூன்றரை. இன்று புதன்கிழமை.

காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. ஆய்வாளர் நேரில் வருவார். சுவரில் சிவப்புப் புள்ளி அடிக்கிற கருவியை வைத்து அளப்பார். அவளோடு வேலை செய்யும் அயர்ன் பிரிவுப் பெண்ணுக்கு அரை சதுர மீட்டர் குறைந்து கோப்பு திரும்பிவிட்டது. அந்தப் பெண் இன்னும் போனிலேயேதான் குடும்பம் நடத்துகிறாள். அதைப் பார்த்த நாளிலிருந்து இவள் டேப் இல்லாமல் எந்த வீட்டுப் படியும் ஏறுவதில்லை. பெரிய வீடாகப் போகலாம் என்றால் வாடகை அவள் சம்பளத்தை முழுங்கி ஏப்பம் விட்டுவிடும். கையைக் கடிக்காத வாடகையில் கிடைப்பதெல்லாம் நாற்பத்தொன்பது, ஐம்பது. அதுவும் காகிதத்தில். அவள் டேப்பில் ஒன்றுகூட நாற்பத்தெட்டைத் தொட்டதில்லை.

இந்த வீட்டைத் தொட வைத்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கை பரபரத்தது. காரணம், வீடு பிடித்துப்போய்விட்டது. மூன்றாவது மாடி. சின்ன அறையில் வெயில் விழுந்து கிடந்தது. அலமாரிக் கதவு கட்டிலில் இடிக்காமல் முழுக்கத் திறக்கும். குழாய் சொட்டவில்லை. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. அவள் பெரிய அறையை அளந்தாள், சின்ன அறையை அளந்தாள், சமையலறை, குளியலறை, நடைவழி எல்லாவற்றையும் அளந்தாள். டேப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கி இழுத்துப் பார்த்தாள். இழுக்க இழுக்க அளவு குறைந்ததே தவிர ஏறவில்லை. போனில் கூட்டிப் பெருக்கிப் பார்த்தாள். நாற்பத்தேழு புள்ளி நாலு.

"அம்பதுன்னு போட்டிருக்கு. நாப்பத்தேழரைகூட இல்ல."

"மேடம், சரியா அளந்தீங்களா?" என்றார் புரோக்கர்.

"சார், எனக்கு அளக்கறதுதான் பொழைப்பு. பன்னெண்டு வீடு பாத்துட்டேன். பன்னெண்டும் பொய்."

வீட்டம்மா கட்டிய கையைப் பிரித்தார். "யாரும்மா பொய் சொன்னது?"

"பேப்பர்ல போட்டவங்க."

"பேப்பர்ல போடக் குடுத்தது நான்."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவளுக்கோ வாய் முந்திக்கொண்டது. "அப்ப நீங்கதான்."

புரோக்கர் கையில் சாவிக்கொத்து நின்றுவிட்டது.

"முப்பத்தொரு வருஷம் ரயில்ல அடுத்தவங்க பொய்யைப் பிடிச்சவ நான்," என்றார் வீட்டம்மா, குரலை உயர்த்தாமல். "என் வீட்டுக்குள்ள வந்து, என் தரையில கோடு போட்டு, என்னையே பொய்க்காரின்னு சொல்லிட்டே. படி அந்தப் பக்கம் இருக்கு. பாத்து இறங்கு."

படியில் புரோக்கர் அவளுக்கு இரண்டு படி பின்னாலேயே வந்தார். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பன்னெண்டு வீட்டுலயும் அளவு குறையுதுன்னா, கோளாறு எங்கயோ ஒரே இடத்துலதானே இருக்கணும்?"

"இருக்கே. பன்னெண்டையும் காட்டினது நீங்க ஒருத்தர்தானே?"

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நல்லா வெட்டறீங்க மேடம். துணியையும் இப்படித்தானா?"

*

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. நின்றால்தான் சீக்கிரம் போகும் என்பது போல நின்றாள். இறங்கி, வேலை செய்யும் துணிக்கடையை நோக்கி அரை ஓட்டமாக நடந்தபடியே போனை வாய்க்கருகில் பிடித்துக் குடும்பக் குழுவுக்குப் பேசினாள். அவள் பேசப் பேச போன் அதை எழுத்தாக்கி அனுப்பும். டைப் அடிக்க அவளுக்கு நின்று நிதானிக்க வேண்டும், அதற்கு ஏது நேரம்?

"இதுவும் இல்ல. அம்பதுன்னாங்க, நாப்பத்தேழு புள்ளி நாலுதான். நான் நல்லா கேட்டுட்டு வந்துட்டேன். யாரும் கவலைப்படாதீங்க. எனக்குக் கவலையே இல்ல. இன்னும் ரெண்டு நாள் முழுசா இருக்கு. ஒன்றரை நாள். நாளைக்கு வேற வீடு பாப்பேன். கவலைப்படாதீங்க."

முதல் பதில் நாத்தனாரிடமிருந்து வந்தது. கணவனின் அக்கா. வாண்டுவை இப்போது பார்த்துக்கொள்வது அவர்தான். "கவலைப்படாதீங்கன்னு ஒரே மூச்சுல ரெண்டு தடவை சொன்னா நாங்க எப்படிம்மா கவலைப்படாம இருக்கறது? கொஞ்சம் தண்ணி குடி."

அடுத்தது கணவன். "கவுன் வந்துச்சு. சூப்பர். உடனே போட்டுக்கிட்டா. கொஞ்சம் நீளம்."

அவளுக்குச் சுருக்கென்றது. மகளுக்கு அவள் அனுப்புகிற உடுப்பு எல்லாமே கொஞ்சம் நீளம், கொஞ்சம் அகலம். ஒவ்வொரு தடவையும் கணவன் வீட்டில் இருக்கிற டேப்பால் பிள்ளையை அளந்து எண்களைச் சொல்வான். அவள் இங்கே அதே எண்ணுக்கு வெட்டித் தைப்பாள். போட்டோவில் பார்த்தால் தோள் இறங்கி நிற்கும்.

நடந்துகொண்டே அவனைக் கூப்பிட்டாள். "ஏங்க, நீங்க அளவு ஒழுங்கா எடுக்கறதே இல்ல. அவ சாப்பிடறாளா? இளைச்சுட்டாளா?"

"இளைக்கறதா? அவ தட்டையும் சேத்துத் தின்னுடுவா. வளர்ற புள்ளதானே, கொஞ்சம் பெருசா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

பின்னாலிருந்து நாத்தனார் குரல். "உங்கம்மா அடுத்த வருஷத்துக்கு இப்பவே தைக்கறா வாண்டு! பெட்டியை டேப்பால கட்டிக்கிட்டுப் போனவதானே, அவளுக்கு எல்லாமே அவசரம்!"

அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத நாளே கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கிளம்புகிற அன்று, பெட்டியின் ஜிப் வாயைப் பிளந்துவிட்டது. கயிறு தேட நேரமில்லை. தையல் கற்றுக்கொண்ட நாள் முதல் கழுத்தில் கிடந்த டேப்பையே எடுத்து, பெட்டியைச் சுற்றி, கணவன் முட்டியால் அமுக்க, நாத்தனார் ஒரு முனையை இழுக்க, இவள் முடிச்சுப் போட்டாள். மூன்று விமான நிலையம், இரண்டு பஸ். பெட்டி பிரியாமல் வந்து சேர்ந்தது. முடிச்சை அவிழ்க்கத்தான் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது.

"அண்ணிகிட்ட சொல்லுங்க, அந்த டேப்பாலதான் இன்னிக்கு சோறு திங்கறேன்னு," என்று சொல்லிவிட்டு அவள் கடையின் பின்வாசல் படிகளில் இறங்கினாள்.

கடைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீள அறையில் ஆறு தையல் மெஷின்கள். மேலே துணி வாங்குகிறவர்களுக்கு நீளம் குறைக்க, இடுப்புப் பிடிக்க, கை சுருக்க எல்லாம் இங்கேதான் வரும். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் அளவெடுத்தார்களோ அவர்களே வெட்ட வேண்டும். அதனால் ஒருவர் பிழை இன்னொருவர் தலையில் விழாது. இன்று மட்டும் அந்தச் சட்டம் மீறப்பட்டது. வீடு பார்க்க இரண்டு மணி நேரம் அவள் வெளியே போனபோது, அவளுடைய வாடிக்கையாளர் ஒருவருக்குப் பக்கத்து மெஷின்காரி அளவெடுத்து வைத்திருந்தாள். பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் உட்காருகிறவள் என்பதால் அவளுக்குக் காஜா என்றே பெயர்.

"மூணு பேன்ட். எல்லாம் எழுபத்தாறு," என்று சீட்டை நீட்டினாள் காஜா. "ஆறு மணிக்கு வருவாரு. வீடு என்னடி ஆச்சு?"

"குறையுது."

"உனக்கு எதுடி குறையாம இருந்துச்சு? நாளைக்கே அரண்மனையைக் காட்டினாலும் வாசல்ல உக்காந்து ஒரு சாண் குறையுதுன்னு அழுவே."

அவள் பேன்ட்டுகளை விரித்தாள். எழுபத்தாறில் சாக்பீஸ் கோடு, வெட்டு, மடிப்பு, தையல். மனசு வீட்டிலேயே இருந்தது. அந்தச் சின்ன அறையில் கிடந்த வெயில். வீட்டம்மா சொன்ன "பாத்து இறங்கு". கத்துகிறவர்களிடம் பதிலுக்குக் கத்தலாம். இப்படிப் பேசுகிறவர்களை என்ன செய்வது?

*

வியாழன் காலை பத்து மணிக்கு மூன்று பேன்ட்டும் திரும்பி வந்தன. வாடிக்கையாளர் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். பேன்ட்டின் கால் நுனி செருப்புக்கு அடியில் போய் மிதிபட்டிருந்தது.

மேற்பார்வை அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இது யாரு கை?"

"நான்தான் தைச்சேன்," என்றாள் அவள்.

"அளவு நான் எடுத்தேன்," என்றாள் காஜா. "எழுபத்தாறு. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

"நானும் எழுபத்தாறுலதான் வெட்டினேன்."

காஜா தன் டேப்பை எடுத்து பேன்ட்டை அளந்தாள். "எழுபத்தெட்டு." அடுத்ததை அளந்தாள். "இதுவும் எழுபத்தெட்டு." மூன்றாவது. "ஏய், மூணும் எழுபத்தெட்டுடி."

அவள் பிடுங்காத குறையாகப் பேன்ட்டை வாங்கித் தன் டேப்பால் அளந்தாள். எழுபத்தாறு. நூல் பிசகாமல் எழுபத்தாறு.

ஒன்று தப்பினால் கை தப்பியது எனலாம். மூன்றும் ஒரே மாதிரி இரண்டு சென்டிமீட்டர் தப்புமா? இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காஜா தன் டேப்பை மேஜையில் நீட்டி வைத்தாள். அவள் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தாள். தொடக்கத்தில் இரண்டும் ஒட்டிப்போயின. ஐம்பதில் லேசாகப் பிரிந்தன. நூறில் ஒரு விரல் நுழைகிற அளவு. முடிவில் காஜாவின் டேப் நின்றுவிட்டது. அவளுடையது அதைத் தாண்டி இன்னும் நாலு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு கிடந்தது.

"அடிப்பாவி," என்றாள் காஜா மெல்ல. "உன் டேப்பு இழுத்துப் போச்சுடி. இதை என்ன பண்ணே, தேர் இழுத்தியா?"

"பெட்டி கட்டினேன்."

"என்னது?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நீண்டுபோன டேப். அதில் ஒரு சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பது உண்மையில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூட. அதனால் அதை வைத்து வெட்டினால் துணி நீளமாக வரும். அதை வைத்துச் சுவரை அளந்தால் சுவர் குட்டையாகத் தெரியும். இரண்டு வருடமாக அவளே அளந்து அவளே வெட்டியதால் இரண்டு பக்கமும் ஒரே பிழை, ஒன்றும் வெளியே தெரியவில்லை. வாண்டுவின் கவுன் ஒன்றுதான் சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்கும் அவள் கணவனைத்தான் திட்டினாள்.

பன்னிரண்டு வீடு. அவள் காஜாவின் டேப்பைப் பார்த்தபடி மனசுக்குள் பழைய எண்களைத் திருப்பிப் போட்டாள். நாற்பத்தாறரை என்று தள்ளியது நாற்பத்தொன்பது. நாற்பத்தேழு என்று சண்டை போட்டது நாற்பத்தொன்பதரை. ஒவ்வொரு வீடாக எழுந்து நின்று அவளைப் பார்த்து, "யாரும்மா பொய் சொன்னது?" என்றது.

"எனக்கு வெளிய போகணும்," என்றாள் எழுந்து.

"பேன்ட்டு?" என்றார் மேற்பார்வை அம்மா.

"நான் குறைச்சுடறேன்," என்றாள் காஜா. "நீளமாத்தானே இருக்கு, குட்டையாப் போயிருந்தாத்தான் அழணும். இவளை விடுங்கம்மா, இல்லன்னா இங்கயே நின்னு மெஷினை எல்லாம் அளந்துக்கிட்டு இருப்பா." தன் டேப்பைச் சுருட்டி அவள் கையில் திணித்தாள். "ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போ. போய்க் கால்ல விழு."

*

புரோக்கர் ஆபீஸில் அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு டேப்பையும் அவர் மேஜையில், பொட்டலத்துக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தாள். அவர் முதலில் டேப்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி டேப்பை.

"இந்த நீளமானது..."

"என்னோடது."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "ரெண்டு மாசம் மேடம்! ரெண்டு மாசமா என்னை நானே திருடன்னு நினைச்சுப் படுத்துத் தூங்கல. ராத்திரி எழுந்து என் வீட்டையே அளந்து பாத்தேன்!"

"சிரிங்க சார். நல்லா சிரிங்க. ஆனா நடந்துகிட்டே சிரிங்க. எந்த வீடு மிச்சம் இருக்கு?"

அவர் நோட்டைப் புரட்டினார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்க இறங்க அவளுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. போச்சு, போச்சு, இது போன வாரமே போச்சு, இதில் நாய் வைத்திருக்கிறவர் வந்துவிட்டார். பதினொன்று போய்விட்டது.

"அப்ப அந்த அம்மா வீடு?"

"அதைத்தான் கேக்காதீங்கன்னு நினைச்சேன்." பொட்டலத்தை மறுபடி மடித்தார். "இன்னிக்குக் காலையில ஒரு ஜோடியைக் கூட்டிட்டுப் போனேன். நல்ல பசங்க, எதையும் அளக்கல. அந்தம்மா கதவையே திறக்கல. 'கணக்கு முடியல, போங்க'ன்னு உள்ள இருந்தே சொல்லிட்டாங்க. என்ன கணக்குன்னு கேட்டேன். 'உன் வேலையப் பாரு'ன்னாங்க. கோவத்துல வாடகையை ஏத்தப்போறாங்கன்னு நினைக்கறேன்."

"வாங்க, போலாம்."

"சாப்பாடு மேடம்..."

"பஸ்ல சாப்பிடுங்க."

பஸ்ஸில் அவள் மறுபடி போனை வாயருகே வைத்தாள். "தப்பு என்மேல. டேப்பு நீண்டு போச்சு. பெட்டி கட்டினதுல. யாரும் சிரிக்காதீங்க. அந்த அம்மாவைப் பாக்கப் போறேன். ஏங்க, கவுனுக்கு அளவு நீங்க சரியாத்தான் எடுத்திருக்கீங்க. மன்னிச்சுக்கங்க. இதை யாரும் சேமிச்சு வைக்காதீங்க." அனுப்பிய பிறகுதான் நாத்தனார் இதை வாழ்நாள் முழுக்க வைத்திருப்பார் என்று தோன்றியது. பதில் வருவதற்குள் போனைப் பைக்குள் போட்டாள். வெளியே எடுத்தாள். மறுபடி போட்டாள்.

கீழ்த்தளத்தில் வீட்டம்மாவின் கதவைத் தட்டினால் பதிலில்லை. மூன்றாவது மாடிக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

வீட்டம்மா சின்ன அறைத் தரையில் ஒரு தலையணைமேல் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற முப்பது சென்டிமீட்டர் மர ஸ்கேல். காதில் பென்சில். சுவரின் அடியில், தரையை ஒட்டி, வரிசையாகப் பென்சில் எண்கள்.

திரும்பிப் பார்த்தவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "வந்துட்டியா? நீ வருவேன்னு தெரியும். இல்ல, வரலன்னா நானே உன்னைத் தேடி வந்திருப்பேன். பொய்க்காரின்னு சொல்லிட்டுப் போனவளை விட்டுடுவேனா? நேத்து சாயங்காலத்துல இருந்து அளக்கறேன். கூடத்துக்கு ஒரு சுவத்துக்கு மட்டும் பதினாலு தடவை இந்த ஸ்கேலைத் தூக்கி வெக்கணும், தெரியுமா? என் முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. இந்த ஒரு ரூமு மட்டும் பாக்கி. அதுவரைக்கும் எவனையும் உள்ள விடறதில்லன்னு இருந்தேன்."

அவள் உள்ளே வந்தாள். "அம்மா, அளக்க வேணாம்மா."

"ஏன் வேணாம்? உனக்கு நிரூபிக்க வேணாமா?"

அவள் வீட்டம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினாள். வீட்டம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்து இரண்டின் முனையையும் தொட்டுப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் டிக்கெட் கேட்கிற பார்வை இல்லை.

"இது?"

"காஜாவோடது. கூட வேலை செய்யறவ. சரியா இருக்கறது."

"இது?"

"என்னோடது."

"இப்பச் சொல்லு. யாரு பொய்?"

"டேப்பு, அம்மா."

"டேப்பு யாரோடது?"

"என்னோடது."

"ம்." பென்சிலை மறுபடி காதில் செருகினார். "முப்பத்தொரு வருஷத்துல, தப்பான டிக்கெட்டை வெச்சுக்கிட்டு, சரியான டிக்கெட்டுதான்னு மனசார நம்பி, என்கிட்ட சண்டை போட்டவங்க ஒரு நாப்பது பேரு இருப்பாங்க. நீ நாப்பத்தொண்ணு."

"அந்த நாப்பது பேரையும் என்ன பண்ணீங்க?"

"இறக்கி விட்டேன்."

வாசலில் புரோக்கர் இருமினார். அவள் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தாள். நாளை மதியம் பன்னிரண்டு மணி அவள் கழுத்தில் கை வைத்திருந்தது. சொன்னாள். நாற்பத்தெட்டு, கோப்பு, சிவப்புப் புள்ளி, அயர்ன் பிரிவுப் பெண், மூன்றரை வயது. கோர்வையாகச் சொல்ல வரவில்லை. இடையில் கவுன் நீளமானதையும் சொன்னாள், அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. "நாளைக்குள்ள கையெழுத்து ஆகலன்னா எல்லாம் முதல்ல இருந்தும்மா."

வீட்டம்மா தரையைப் பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று அவளும் பார்த்தாள். நேற்று அவள் போட்ட சாக்பீஸ் கோடுகள். கூடம், நடைவழி, அறை, எங்கும் வெள்ளைக் கீற்றுகள்.

"இதை யாரு துடைக்கறது?"

"நான் துடைக்கறேன்."

"துடை. அப்புறம் இந்த ரூமை அந்தச் சரியான டேப்பால அள, நான் எழுதறேன். பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வராது. அதுக்கப்புறம் கையெழுத்தைப் பாப்போம்."

ஈரத்துணி கீழ்த்தளத்திலிருந்து வந்தது. அவள் மண்டி போட்டு ஒவ்வொரு கோடாகத் துடைத்தாள். நேற்று எத்தனை கோடு போட்டாளோ அத்தனையும். பிறகு காஜாவின் டேப்பைப் பிடித்தாள். ஒரு சுவர் முந்நூறு. இன்னொன்று இருநூற்று எண்பது. வீட்டம்மா சுவரில் எழுதி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு காகிதத்தில் கூட்டினார். இரண்டு தடவை கூட்டினார். ஐம்பது புள்ளி ஒன்று.

"பேப்பர்ல போட்டதைவிடக் கூட இருக்கு," என்றார் வீட்டம்மா, புரோக்கரைப் பார்த்து. "இத்தனை நாளா எனக்கு நஷ்டம்."

"அய்யோ, அம்மா, ஏத்திடாதீங்க," என்றார் புரோக்கர். "இவங்க இப்பத்தான் அழுதாங்க."

வீட்டம்மா ஏற்றவில்லை. பேனாவைத்தான் தேடினார்.

*

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஒப்பந்தம் குடும்ப அனுமதி அலுவலகத்தின் மேஜைக்கு வந்துவிட்டது. ஒன்பது மணியிலிருந்து வரிசையில் நின்ற அவள், முத்திரை விழுந்த பிறகும் கவுன்ட்டரை விட்டு நகரவில்லை. "சரியா விழுந்துச்சா?" என்று கேட்டாள். "விழுந்துச்சும்மா." "மங்கலா இல்லையே?" பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டதும்தான் நகர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்தார். சிவப்புப் புள்ளி கூடத்துச் சுவரில் ஏறி நின்ற ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சைப் பிடித்தாள். வீட்டம்மா பக்கத்திலேயே ஸ்கேலோடு நின்றார், சந்தேகம் வந்தால் காட்டுவதற்கு. கருவி ஐம்பது புள்ளி இரண்டு என்றது. "பாத்தியா, இன்னும் ஏறுது," என்றார் வீட்டம்மா.

அவள் அன்று சாயங்காலமே குடி வந்துவிட்டாள். சாமான் அதிகமில்லை. இருந்த ஒரு மெத்தையைச் சுருட்டி, பழைய டேப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். கட்டுவதற்கு அது இன்னும் நல்ல டேப்தான்.

சின்ன அறையில் வெறும் தரையில் உட்கார்ந்து போன் போட்டாள். நாத்தனார்தான் எடுத்தார். "வாங்க மேடம், இன்னிக்கு எதை அளந்தீங்க?"

"அண்ணி, அனுமதி கிடைச்சுடும். அளவு சரியா இருக்கு. அவரு எங்க?"

அந்தப் பக்கம் நாத்தனார் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "இரு, இவ போனைப் புடுங்கறா," என்றார்.

"அம்மா, என் ரூமு எவ்ளோ பெருசு?" என்றாள் வாண்டு.

முந்நூறுக்கு இருநூற்று எண்பது என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அடியில் வீட்டம்மாவின் பென்சில் எண்கள் அப்படியே இருந்தன.

"நீ இந்தச் சுவத்துல இருந்து படுத்து உருண்டா, அஞ்சு உருளல்ல அந்தச் சுவரு வந்துடும்."

"அஞ்சா?" வாண்டு யோசித்தாள். "ஆறு வராதா?"

"வராது. நான் கணக்குப் போட்டுட்டேன்."

"நீ தப்பா அளப்பேன்னு அத்தை சொன்னாங்க," என்றாள் வாண்டு. "நான் வந்து உருண்டு பாக்கறேன்."